இரத்தம் ஏன் நிற்கவில்லை?



வரிவகுப்பு மாற்றுவது பற்றி இந்த இதழில் எழுதுவதாகச் சென்றமுறை சொல்லியிருந்தோம். அதைத் தள்ளிவைக்கிறோம். எங்கள் கட்டிடத்தில் மேல்மாடியில் இருக்கும் அண்ணை ஒருவருக்கு நடந்த விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. "எழுது தம்பி, பெயரை மட்டும் போடாதே" என்று அவரே சொன்ன பிறகுதான் எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் டொக்டரும் அல்ல, பெரிய படிப்புப் படித்தவர்களும் அல்ல. எங்கள் பள்ளிக்கூடம் 2008 இல் வன்னியில் இடம்பெயர்வோடு முடிந்துவிட்டது. இப்போது ஜேர்மனியில் போத்தல் மூடி வார்க்கும் தொழிற்சாலையில் மாறி மாறி மூன்று நேர வேலை. இங்கே எழுதுவதெல்லாம் வைத்தியசாலையில் இளம் டொக்டர் ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தியதும், அதன்பின் நாங்களாகத் தேடி வாசித்ததும்தான். உங்கள் வீட்டில் இந்த வருத்தம் இருந்தால் உங்கள் டொக்டர் சொல்வதையே கேளுங்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவினால் போதும்.

அண்ணைக்கு நிணநீர்க் கணுக்களில் வந்த புற்றுநோய். கீமோ மருந்து ஏற்றத் தொடங்கி இரண்டு மாதமாகிவிட்டது. ஆனால் எங்களுக்கு அது தெரியாது. கட்டிடத்தில் இருந்த எந்தத் தமிழருக்கும் தெரியாது. நாரிப்பிடிப்பு என்று சொல்லித்தான் வேலைக்கு லீவு. தலைமயிர் கொட்டியபோது மொட்டை அடித்துக்கொண்டு, கோயில் நேர்த்தி என்றார். ஏன் மறைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் சனத்தில் இந்த வருத்தத்தின் பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பார்க்க வருகிறவர்கள் செத்தவீட்டு முகத்தோடு வருவார்கள், அல்லது வராமலே விடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை, பின்னேர வேலை முடிந்து இரவு பத்தரைக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அண்ணை கதவைத் தட்டினார். "தம்பி, தலையிடி தாங்கேலாமல் இருக்கு. குளிசை ஏதும் வைச்சிருக்கிறியளோ?" என்றார். இருந்த பெட்டியை அப்படியே கொடுத்தோம். இரண்டு போட்டார். அடுத்த நாளும் இரண்டு போட்டாராம்.

சனிக்கிழமை விடியப்புறம் இரண்டு மணிக்கு அக்கா ஓடிவந்தா. மேலே போனால் குளியலறைத் தொட்டி முழுக்கச் சிவப்பு. மூக்கால் வடிகிறது, முரசாலும் கசிகிறது. நாங்கள் இரத்தத்துக்குப் பயந்தவர்கள் அல்ல. 2009 இல் பார்க்காத இரத்தமா? துணியைச் சுருட்டி அழுத்திப் பிடித்தால் நிற்கும் என்று அங்கே பழகியிருந்தோம். அதையே செய்தோம். அண்ணையின் தலையைப் பின்னுக்குச் சாய்த்தும் பிடித்தோம். அது பிழை என்று பிறகுதான் தெரிந்தது. கால் மணி, அரை மணி. துணி மாறியதே தவிர இரத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் அக்கா அழுதபடி வருத்தத்தின் பெயரைச் சொன்னா. 112 க்கு அடித்தோம்.

வைத்தியசாலையில் இரத்தம் பரிசோதித்தார்கள். பிளேட்லெட் 18,000. டொக்டர் எங்களைப் பார்த்து, "அஸ்பிரின் ஏதும் எடுத்தாரா?" என்று கேட்டார். இல்லை என்றோம். மேசை லாச்சிக்குள் இருந்த எங்கள் பெட்டியில் அஸ்பிரின் என்று எழுதியிருக்கவில்லைத்தானே. "தலையிடிக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று மறுபடி கேட்டார். ரெலிபோனில் இருந்த படத்தைக் காட்டினோம். பெட்டியில் பெரிதாக ஆ-எஸ்-எஸ் 500 என்று இருந்தது. அவர் தலையை ஆட்டினார். இந்த நாட்டில் அஸ்பிரின் என்பது ஒரு கம்பனி வைத்த வியாபாரப் பெயர். அதே மருந்தை மற்றக் கம்பனிகள் விற்கும்போது அதன் இரசாயனப் பெயரின் மூன்று எழுத்தைத்தான் போடுகிறார்கள். அண்ணைக்குக் கொடுத்த தாளில் அஸ்பிரின் எடுக்கக்கூடாது என்று இருந்தது. தாள் மேல்மாடியில், குளிசை கீழ்மாடியில். இரண்டு பெயரும் ஒன்றுதான் என்று அறிந்தவர் இரண்டு வீட்டிலும் ஒருவரும் இல்லை.

இனிக் காரணத்துக்கு வருவோம்.

ஊரில் விஞ்ஞானப் புத்தகத்தில் குருதிச் சிறுதட்டுக்கள் என்று படித்தது சிலருக்கு ஞாபகம் இருக்கும். அதுதான் பிளேட்லெட். அண்மையில் இலங்கையில் இருந்து வந்த குடும்பங்களுக்கு இந்தச் சொல்லை டெங்கு படிப்பித்திருக்கும். 2017 இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அந்த வருடம் "பிளேட்லெட் எத்தனை?" என்று கேட்காத வீடு குறைவு. ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 400,000 வரை இவை இருக்க வேண்டும். எலும்புக்குள் இருக்கும் மச்சையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி உற்பத்தியாகின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏழு தொடக்கம் பத்து நாள். குழாயில் எங்கே கீறல் விழுந்தாலும் முதலில் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது இவைதான். அதற்குப் பிறகுதான் இரத்தத்தில் இருக்கும் உறைபொருட்கள் வந்து, சீமெந்து பூசுவதுபோல அந்த அடைப்பை இறுக்குகின்றன.

எங்கள் தொழிற்சாலையில் அச்சுகளைக் குளிரவைக்கத் தண்ணீர்க் குழாய்கள் ஓடுகின்றன. தண்ணீர் ஒழுகினால் நாலைந்து விதமாகக் காரணம் இருக்கும். குழாயே அரித்திருக்கலாம். திருத்துகிற ஆட்கள் அன்று வராமல் இருக்கலாம். ஆட்கள் வந்தும் பூசுவதற்குச் சாமான் இல்லாமல் இருக்கலாம். எல்லாம் இருந்தும் மேற்பார்வையாளர் அவர்களை வேலை செய்யவேண்டாம் என்று நிறுத்தியிருக்கலாம். புற்றுநோய்க்காரருக்கு இரத்தம் போவதும் இப்படித்தான். நோய் முற்றியவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் எங்காவது இரத்தப்போக்கு வருகிறது என்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே காரணம் அல்ல. காரணம் வேறு என்றால் வைத்தியமும் வேறு.

அண்ணைக்கு நடந்தது, திருத்துகிற ஆட்கள் குறைந்தது. வேகமாகப் பெருகும் கலங்களைக் கொல்வதுதான் கீமோ மருந்தின் வேலை. புற்றுநோய்க் கலமும் வேகமாகப் பெருகும், எலும்பு மச்சையும் வேகமாக உற்பத்தி செய்யும். மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். மச்சை சோர்ந்தாலும், பழைய பிளேட்லெட்டுகள் தங்கள் ஆயுள் முடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மருந்து ஏற்றிய அன்றோ மறுநாளோ ஒன்றும் தெரியாது. பல மருந்துகளில் ஏழாம் நாள் தொடக்கம் பதினான்காம் நாள்வரைதான் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். சில மருந்துகளில் இன்னும் பிந்தும். நாங்கள் குளிசை கொடுத்த வியாழக்கிழமை எண்ணிப் பார்த்தால் பத்தாம் நாள். மருந்து ஏற்றி ஒரு கிழமை போய்விட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டில் எல்லோரும் ஆறுதலாக இருந்த நேரம் அது.

மிஞ்சி இருந்த கொஞ்ச ஆட்களையும் எங்கள் குளிசை கையைக் கட்டிப்போட்டுவிட்டது. அஸ்பிரின் ஒருமுறை தொட்ட பிளேட்லெட் சாகும்வரை பழையபடி ஒட்டாது. புதியவை பிறந்து வந்தால்தான் உண்டு. அண்ணையின் மச்சையோ புதியவற்றைச் செய்யும் நிலையில் இல்லை. இபுபுறூபென், டிக்ளோபெனாக் போன்ற நோக்குளிசைகளும் பிளேட்லெட்டின் வேலையைத் தடுக்கும். அது மருந்து உடம்பில் இருக்கும்வரைதான். ஆனால் அவை வயிற்றையும் புண்ணாக்கும். டெங்குக் காய்ச்சலுக்கும் இவற்றைக் கொடுக்கக்கூடாது என்று ஊரில் சொல்வது இதனால்தான். அப்படியானால் பரசிற்றமோல் போடலாமே என்று நினைப்பீர்கள். கீமோ எடுப்பவர் அதையும் கேட்காமல் போடக்கூடாது. அது காய்ச்சலை மறைத்துவிடும். அவர்களுக்கு 38 பாகை காய்ச்சல் வந்தாலே உடனே வைத்தியசாலைக்கு அறிவிக்க வேண்டும், மறைந்தால் எப்படி அறிவது? இன்னொன்று, பிளேட்லெட் குறைந்தவருக்கு வரும் தலையிடியைச் சும்மா தலையிடி என்று விடவே கூடாது. மூளைக்குள் இரத்தம் கசிவதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அண்ணைக்கு அன்று தலையை ஸ்கான் பண்ணினார்கள், ஒன்றும் இல்லை. அந்த முடிவு வரும்வரை நடைபாதையில் நின்ற ஒன்றரை மணித்தியாலத்தை நாங்கள் மறக்கமாட்டோம்.

விடிந்த பிறகு பிளேட்லெட் ஏற்றினார்கள். பையைப் பார்த்த அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "இவ்வளவு இரத்தம் போனவருக்கு ஏன் மஞ்சள் தண்ணி ஏத்தினம்? காசில்லாத அகதி எண்டோ?" என்றா. அந்தக் கேள்வியை மொழிபெயர்க்க எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கேட்டோம். டொக்டர் சிரிக்கவில்லை. பிளேட்லெட்டின் நிறமே அதுதான் என்றார். வைக்கோலை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். செங்குழியங்கள் போல அதைக் குளிரில் வைக்க முடியாது. 22 பாகை அளவில் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும், அப்படியும் நாலைந்து நாளைக்குத்தான் தாங்கும். அதனால்தான் ஓயாமல் ஆட்கள் வந்து இரத்ததானம் செய்தபடி இருக்கவேண்டியிருக்கிறது.

இந்த மஞ்சள் பைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1955 இல் அமெரிக்காவில் பெதஸ்டா என்ற இடத்தில் இருக்கும் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு எமில் பிரைரைக் என்ற இளம் டொக்டர் வேலைக்குப் போகிறார். ஹங்கேரியில் இருந்து வந்த குடியேறிகளின் மகன். தகப்பன் சிறுவயதிலேயே இறந்துவிட, தாய் சிக்காகோவில் தொழிற்சாலை வேலை செய்து வளர்த்த பிள்ளை. அவருக்குக் கொடுத்த வார்ட்டில் இரத்தப் புற்றுநோய் வந்த சிறுபிள்ளைகள். படுக்கை விரிப்பு, நேர்ஸ்மாரின் உடுப்பு, சுவர் எல்லாம் இரத்தம். பிள்ளைகள் பலர் புற்றுநோயால் சாவதற்கு முன்னர் இரத்தம் போயே செத்தார்கள். இவர் தன் இரத்தத்தில் இருந்து எடுத்த பிளேட்லெட்டைப் பிள்ளைகளின் இரத்தத்தோடு குழாயில் கலந்து பார்த்தார். உறைந்தது. அந்தக் காலத்தில் நாட்பட்ட இரத்தத்தைத்தான் ஏற்றுவார்கள், அதில் பிளேட்லெட் செத்துப்போயிருக்கும். புதிய இரத்தம் வேண்டும் என்று மேலிடத்தோடு சண்டை பிடித்து, அதைக் காட்டியும் விட்டார். 1962 இல் அவரும் கூட வேலை செய்தவர்களும் வெளியிட்ட கட்டுரைதான், எண்ணிக்கை குறையக் குறைய இரத்தப்போக்கு எப்படிக் கூடுகிறது என்று கணக்காகக் காட்டியது. அதே காலத்தில் ஜோர்ஜ் ஜட்சன் என்ற ஐ.பி.எம். எஞ்சினியரின் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் வருகிறது. அந்தத் தகப்பன் அந்த நிறுவனத்துக்கே போய் அவர்களோடு சேர்ந்து, இரத்தத்தைச் சுற்றிச் சுழற்றிப் பிரித்தெடுக்கும் மெசினைச் செய்து கொடுத்தார். பிரைரைக் 2021 இல்தான் இறந்தார். அண்ணையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய பை அந்த வார்ட்டில் தொடங்கியது.

இப்போது எண்ணிக்கை 10,000 க்குக் கீழே போனால் இரத்தம் போகாவிட்டாலும் முன்கூட்டியே ஏற்றுவது பொதுவான வழக்கம். சத்திரசிகிச்சை என்றால் பெரும்பாலும் 50,000 ஆவது இருக்க வேண்டும். இரத்தப் புற்றுநோயில் கீமோ இல்லாமலே எண்ணிக்கை விழும், ஏனென்றால் வருத்தமே மச்சையின் இடத்தைப் பிடித்துவிடுகிறது.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கட்டி வளரும்போது பக்கத்தில் இருக்கும் இரத்தக் குழாயை அரித்துக்கொண்டு போகலாம். வயிறு, குடல், சுவாசப்பை, சலப்பை, கருப்பை வாசல், வாய் ஆகிய இடங்களில் இது கூட நடக்கும். கட்டி தனக்கென்று புதிய குழாய்களையும் உண்டாக்கிக்கொள்கிறது. அவை அவசரத்துக்குக் கட்டிய மதில் போல உறுதியில்லாதவை. அந்தக் குழாய்களை வளரவிடாமல் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அந்த மருந்துக்கும் இரத்தப்போக்கு ஒரு பக்கவிளைவு. கதிர் அடித்தால் கசியும் கட்டி காய்ந்து நிற்கும், அதற்காகவே கதிர் கொடுப்பதும் உண்டு. அதே கதிர் பட்ட குடலோ சலப்பையோ மாதங்கள், வருடங்கள் கழித்து மெலிந்து கசிவதும் உண்டு. சிகிச்சை முடிந்து மூன்று வருடத்துக்குப் பிறகு மலத்தோடு இரத்தம் போனால் மூலம் என்று நினைத்துக்கொண்டு இருக்காமல், முன்பு கதிர் எடுத்ததைச் சொல்லிக் காட்டுங்கள்.

ஈரலை மறக்கக்கூடாது. சீமெந்து என்று சொன்னோமே, அந்த உறைபொருட்களில் பெரும்பாலானவை ஈரலில்தான் உற்பத்தியாகின்றன. ஈரலில் கட்டி நிறைந்தால் அது குறையும். அவற்றில் நான்கைச் செய்ய விற்றமின் கே தேவை. கிழமைக் கணக்காகச் சாப்பாடு இறங்காமல், அன்ரிபயோற்றிக்கும் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இந்த விற்றமின் குறைந்துவிடும். இரத்தப் பரிசோதனையில் பிடித்துவிடலாம், கொடுத்தால் பெரும்பாலும் சரிவரும்.

எங்களைத் திகைக்கவைத்த காரணம் வேறு. இரத்தம் அளவுக்கு மிஞ்சி உறைவதாலும் இரத்தம் போகும்! உடம்பெல்லாம் சின்னச் சின்னதாக உறைந்து, இருந்த சீமெந்து, ஆட்கள் எல்லாம் தேவையில்லாத இடத்தில் செலவழிந்துபோக, தேவையான இடத்தில் ஒன்றும் மிஞ்சாது. ஒருவகைக் கடும் இரத்தப் புற்றுநோயில் இது பயங்கரமாக வரும். முன்பு அந்த வகை வந்தவர்கள் சிலநாட்களில் இரத்தம் போய் இறந்தார்கள். 1985 இல் சீனாவில் ஷங்காய் நகரத்தில் வாங் சென்யி என்ற டொக்டர் விற்றமின் ஏயின் இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்தை ஒரு சிறுமிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1988 இல் 24 நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். இன்று இரத்தப் புற்றுநோய்களுக்குள் நன்றாக மாறக்கூடிய வகை அதுதான். இருந்தாலும் முதல் சில நாட்களைத் தாண்ட வேண்டும், ஆகவே நேரம் முக்கியம்.

இதோடு சேர்ந்தது, இரத்தத்தை மெலிய வைக்கும் மருந்து. புற்றுநோய்க்காரருக்குக் காலில் இரத்தக் கட்டி வருவது அதிகம். பிரான்சில் ஆர்மோன் துறூசோ என்ற டொக்டர் 1865 இல் இதைப் பற்றி விரிவுரை செய்தார். ஒன்றிரண்டு வருடத்தில் தன் உடம்பிலேயே அந்த உறைவைக் கண்டு, எனக்கும் புற்றுநோய்தான் என்று தானே முடிவு சொன்னாராம். 1867 இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அப்படி உறைவு வந்தவர்களுக்கு வயிற்றில் ஊசியோ குளிசையோ தருவார்கள். அது மேற்பார்வையாளர் ஆட்களை மெதுவாக வேலை செய்யச் சொல்வது போன்றது. அளவு கூடினால் ஒழுகும். ஆகவே இருதயத்துக்கு என்று முன்பே அஸ்பிரின் 100 எடுப்பவர்கள் அதைப் புற்றுநோய் டொக்டருக்குச் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது. ஊரில் இருந்து பார்சலில் வரும் கசாயம், தூள், பிளேட்லெட் கூடும் என்று குடிக்கும் பப்பா இலைச்சாறு எல்லாவற்றையும் சொல்லுங்கள். "அது மருந்தில்லை, இலைதானே" என்பது எங்கள் சனத்தின் கதை. டொக்டருக்கு அதுவும் மருந்துதான்.

எதைப் பார்க்க வேண்டும் என்றால், முதலில் தோலைப் பாருங்கள். கடுகு போட்டதுபோலச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் கணைக்காலில் வரும். விரலால் அழுத்தினால் மறையாது. இங்கே ஒரு வேதனையான விஷயம் சொல்லவேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலை, அதாவது இரத்தம் போவதற்கு முதல் நாள், சிகிச்சை நிலையத்தில் இருந்து ரெலிபோன் எடுத்து விசாரித்திருக்கிறார்கள். அண்ணையின் பன்னிரண்டு வயது மகள்தான் பேசியது. உடம்பில் எங்காவது நீலப் புள்ளி இருக்கிறதா என்று கேட்டார்களாம். டொச்சில் கண்டல் காயத்துக்கு அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளை சொல்லுக்குச் சொல் மாற்றி, "அப்பா, உங்களுக்கு நீலமா ஏதும் இருக்கோ?" என்று கேட்டது. அண்ணை சட்டையைத் தூக்கிப் பார்த்தார். நீலம் ஒன்றும் இல்லை. இல்லை என்றார். எங்கள் தோலில் கண்டல் எப்போது நீலமாகத் தெரிந்தது? கறுப்பாக, அல்லது கடும் கபிலமாக இருக்கும். முதுகில் உள்ளங்கை அளவில் ஒன்று இருந்ததை வைத்தியசாலையில்தான் கண்டோம். எங்கள் நிறத்தவர்கள் வாய்க்குள், கன்னத்தின் உட்புறம், உள்ளங்கால், கண்மடல் என்று வெளிறிய இடங்களிலும் பார்க்க வேண்டும்.

பிள்ளையில் பிழை இல்லை. பன்னிரண்டு வயதில் தகப்பனின் உயிரை மொழிபெயர்க்கச் சொல்வதுதான் பிழை. அந்தப் பிள்ளை இன்றைக்கும், "நான் வடிவாக் கேட்டிருந்தா..." என்று சொல்கிறதாம். சந்திப்புக் கேட்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். சில இடங்களில் ரெலிபோன் மூலம் ஒழுங்கு செய்வார்கள். இல்லை என்றால் டொச் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பிளேட்லெட் குறைந்த பெண்ணுக்கு மாதவிடாய் அளவுக்கு மிஞ்சிப் போகலாம். அதை மகன் மூலம் டொக்டருக்குச் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? சொல்லாமல் கிடந்து துன்பப்படுவார்கள். அதை நிறுத்தி வைக்கக் குளிசை உண்டு. சகோதரிகளே, இன்னொரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டாவது போய்ச் சொல்லுங்கள்.

நிறங்கள் ஏமாற்றும். தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கெட்ட மணத்தோடு மலம் போனால் வயிற்றுக்குள் இரத்தம் போகிறது என்று அர்த்தம். ஆனால் இரும்புச்சத்துக் குளிசை எடுத்தாலும் மலம் கறுக்கும். பீற்றூட் கறி சாப்பிட்டாலும், செந்நிறக் கீமோ மருந்து ஒன்று ஏற்றினாலும் ஒன்றிரண்டு நாள் சலம் சிவக்கும். அண்ணைக்கு அந்த மருந்தும் உண்டு. முதல்முறை சலம் சிவந்தபோது இரத்தம் என்று நடுங்கிவிட்டாராம். வெற்றிலையை எல்லாவற்றிலும் மோசமாகச் சொல்வோம். வெற்றிலை போடும் எங்கள் அப்புமார், ஆச்சிமாருடைய வாய் எப்போதும் சிவப்புத்தான். வாய்ப் புண்ணில் இருந்து இரத்தம் கசிந்தாலும் வெற்றிலைச் சாறு என்றே எல்லோரும் நினைப்போம். புகையிலை போடாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அறிவித்துவிட்டது. வெற்றிலையை ஒரு கிழமை நிறுத்திவிட்டு, வாய் கொப்பளித்த தண்ணீரைப் பாருங்கள். அதற்குப் பிறகும் சிவந்தால் காட்ட வேண்டும்.

மூக்கால் வந்தால் நாங்கள் செய்ததைச் செய்யாதீர்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கிச் சத்தி வரும். நிமிர்ந்து இருக்கவைத்து, தலையைக் கொஞ்சம் முன்னுக்குக் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பாகத்தை இரண்டு விரலால் இறுக்கிப் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நின்றதா என்று இடையில் விட்டுப் பார்க்கக்கூடாது. பிளேட்லெட் குறைந்தவர் என்றால், நின்றாலும் வைத்தியசாலைக்கு அறிவிக்க வேண்டும். நிற்காவிட்டால், கோப்பித்தூள் போலச் சத்தி எடுத்தால், இருமலோடு இரத்தம் வந்தால், திடீரென்று கடும் தலையிடியோடு பேச்சுத் தடுமாறினால், ஒருவரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் 112. "புற்றுநோய், கீமோ" என்ற இரண்டு சொல்லையும் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். மெல்லிய தூரிகையால் பல் விளக்குவது, பிளேட்டுக்குப் பதிலாக மின்சாரச் சவர மெசின், மலச்சிக்கல் வராமல் பார்ப்பது, குதவழியாக மருந்து வைக்காமல் விடுவது எல்லாம் நேர்ஸ்மார் சொல்வார்கள். நோய் முற்றியவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு நேர்ஸ் சொல்லித்தந்தது: கடும் நிறத் துவாய்கள் நாலைந்து கட்டில் பக்கத்தில் வைத்திருங்கள். வெள்ளைத் துவாயில் கொஞ்ச இரத்தமும் ஆறு போலத் தெரியும். நோயாளி அதைப் பார்த்தே பயந்துபோவார்.

ஜேர்மனியில் கைடெல்பேர்க் நகரத்தில் இருக்கும் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் தகவல் சேவைக்கு 0800 420 30 40 என்ற இலக்கத்தில் காசில்லாமல் கேள்வி கேட்கலாம். டொச் பேசக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். மூன்று மருந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுப்பவர்கள் வீட்டு டொக்டரிடம் மருந்து அட்டவணைத் தாள் கேட்டு வாங்கலாம். 2016 தொடக்கம் அது நோயாளியின் உரிமை. மருந்துக் கடையில் எதை வாங்கினாலும் அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள்.

அண்ணைக்கு இதுவரை ஐந்துமுறை மருந்து ஏற்றி முடிந்துவிட்டது. மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, இடைவெளியைக் கூட்டியிருக்கிறார்கள். ஸ்கானில் கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. கட்டிடத்தில் இப்போது எல்லோருக்கும் விஷயம் தெரியும். அக்கா பயந்ததுபோல ஒருவரும் விலகவில்லை. ஒருவர் கீமோ நாட்களில் காரில் கூட்டிப்போகிறார், கீழ்வீட்டு மாமி வெள்ளிக்கிழமைகளில் சமைத்து அனுப்புகிறா. எங்கள் லாச்சிக்குள் இருந்த குளிசைப் பெட்டிகளை எல்லாம் மேலே கொண்டுபோய், அண்ணையின் மகளோடு இருந்து ஒவ்வொன்றின் சின்ன எழுத்தையும் வாசித்தோம். எந்தப் பெட்டிக்குள் எது இருக்கிறது என்று தடித்த பேனையால் தமிழில் எழுதி ஒட்டியது அந்தப் பிள்ளைதான். ஆ-எஸ்-எஸ் பெட்டியில் சிவப்பு மையால் "அப்பாவுக்கு இல்லை" என்று எழுதியிருக்கிறது.

வரிவகுப்பு அடுத்த இதழில் கட்டாயம் வரும்.